விளையாட்டு இடங்களை வரைபடத்தில் வகை பிரிப்பது எப்படி: மூன்று வழிகளும் அவற்றின் விலையும்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) தனியாக நிற்கும் ஒரு டென்னிஸ் கோர்ட்டைச் சேர்ப்பது எளிது. செவ்வகம் வரைந்து, அது என்னவென்று சொல்லும் இரண்டு டேக் (குறிச்சொல்) போட்டால் முடிந்தது. அதே கோர்ட் ஒரு பெரிய வளாகத்துக்குள் இருந்து, பக்கத்தில் நீச்சல் குளம், மாடியில் ஜிம், எதிரே படிக்கட்டு இருக்கைகளோடு ஓர் ஓடுபாதை என்று விரியும்போதுதான் தகராறு தொடங்கும். ஒருவர் முழு வளாகத்தையும் ‘ஸ்டேடியம்’ என்று குறிப்பார். அடுத்தவர் அதை ‘ஸ்போர்ட்ஸ்_சென்டர்’ ஆக்குவார். மூன்றாமவர் இரண்டையும் விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கோர்ட்டுகளை மட்டும் தனித்தனியாக வரைவார். மூவர் பக்கமும் நியாயம் இருக்கும். விளையாட இடம் தேடி வருபவருக்குத்தான் ஒன்றும் கிடைக்காது.

குழுவாகச் சேர்ந்து வரைபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: ஒவ்வொரு வசதிக்கும் தனி வகை வைப்பதா, இடத்தின் வடிவத்தையும் அங்கே ஆடும் விளையாட்டையும் பிரித்து இரண்டு டேக்காகச் சொல்வதா, இல்லை வளாகத்துக்கு ஒரே டேக் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதா?

2004-ல் தொடங்கிய இந்த வரைபடத்தில் மேலிருந்து கொடுக்கப்பட்ட வகைப்பட்டியல் கிடையாது. ஒரு பொருளுக்கு ‘லெஷர்=பிட்ச்’ என்பதுபோலப் பெயரும் மதிப்புமாக எத்தனை டேக் வேண்டுமானாலும் போடலாம்; புதிதாக ஒன்றை உருவாக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சண்டைக்குக் காரணமும் அதே சுதந்திரம்தான். (டேக்குகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் பதிவாகின்றன. இங்கே அவற்றின் உச்சரிப்பை எழுதியிருக்கிறேன்.)

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், நேரில் போய்ச் சரிபார்க்க முடிகிறதா என்பது. இரண்டு பேர் அந்த இடத்தில் நின்று பார்த்தால் இருவரும் ஒரே டேக்கைச் சொல்ல வேண்டும். ‘முக்கியமான மைதானம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘கோடு போட்ட தரை’, ‘அடுக்கு இருக்கைகள்’ ஆகியவை மாறாது.

இரண்டாவது, தேடுபவருக்குப் பயன்படுகிறதா என்பது. ‘பக்கத்தில் கூடைப்பந்து ஆட எங்கே இடம் இருக்கிறது, விளக்கு உண்டா, வெளியாட்களை உள்ளே விடுவார்களா?’ என்ற கேள்விக்கு ஒரு செயலி இந்தத் தரவிலிருந்து பதில் எடுக்க முடிய வேண்டும்.

மூன்றாவது, நாளைக்குப் புதிய விளையாட்டு ஒன்று வந்தாலோ ஒரே தரையில் இரண்டு விளையாட்டுக்குக் கோடு போட்டிருந்தாலோ வகை தாங்குமா என்பது. நான்காவது, ஏற்கெனவே கிடக்கும் தரவோடு ஒத்துப்போகுமா என்பது. இந்த நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உலகம் முழுக்க வரையப்பட்டிருக்கும் மைதானங்களை உங்கள் குழுவின் புதுக் கொள்கைக்காக யாரும் போய் மாற்றப் போவதில்லை.

## வழி 1: ஒவ்வொரு வசதிக்கும் தனி வகை

டென்னிஸ் கோர்ட்டுக்கு ஒரு டேக், கால்பந்து மைதானத்துக்கு இன்னொன்று, ஸ்கேட் பூங்காவுக்கு வேறொன்று. புதிதாக வருபவர்களுக்கு இதுதான் இயல்பாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பெயராக வைத்துவிடலாம் அல்லவா?

சில இடங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கோல்ஃப் மைதானம் ‘லெஷர்=கோல்ஃப்_கோர்ஸ்’. அதற்குள் கிரீன், பங்கர், டீ, ஃபேர்வே என்று உறுப்புகளுக்குத் தனி டேக்குகள் வளர்ந்திருக்கின்றன. ஐஸ் ஸ்கேட்டிங் ஆடும் பனித்தளம், பவுலிங் கூடம், குதிரையேற்ற மையம், நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு. இவற்றில் இடத்தின் வடிவமும் விளையாட்டும் ஒட்டிப் பிறந்தவை. பவுலிங் கூடத்தில் வேறெதையும் ஆட முடியாது.

சிக்கல், இதையே எல்லாவற்றுக்கும் நீட்டும்போது வருகிறது. ஒரு பொருளில் ‘லெஷர்’ என்ற பெயர் ஒரே ஒரு முறைதான் வரலாம். டென்னிஸ் கோடும் கூடைப்பந்து வளையமும் சேர்ந்த தரைக்கு எந்த வகையைப் போடுவது? ஒன்றைப் போட்டால் மற்றது மறைந்துவிடும். அதே இடத்தில் இரண்டு செவ்வகம் வரைந்தால் ‘ஒரு பொருளுக்கு ஒரு வடிவம்’ என்ற அடிப்படை வழக்கம் உடையும்.

மறைந்திருக்கும் செலவு செயலி எழுதுபவர் தலையில் விழுகிறது. ‘விளையாடும் இடங்கள் எல்லாம்’ என்று ஒரு பட்டன் வைக்க வேண்டுமானால் அவர் எல்லா மதிப்புகளையும் தேடிச் சேர்க்க வேண்டும். புதிது ஒன்று முளைக்கும்போதெல்லாம் பட்டியலைத் திருத்த வேண்டும். பெரும்பாலோர் திருத்துவதில்லை. நீங்கள் ஆசையாக உருவாக்கிய டேக் தரவில் இருக்கும், எந்த வரைபடத்திலும் தெரியாது. அப்புறம் அது தெரிய வேண்டும் என்பதற்காகவே யாராவது பொருந்தாத வேறொரு டேக்கைச் சேர்ப்பார்கள். ‘ரெண்டரருக்காக (தரவைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளுக்காக) டேக் போடுவது’ என்று மேப்பர்கள் திட்டுவது இதைத்தான்.

## வழி 2: வடிவம் ஒன்று, விளையாட்டு ஒன்று

ஓஎஸ்எம்மில் அதிகம் வேரூன்றியிருப்பது இந்த வழி. ‘லெஷர்’ டேக் இடம் எப்படிப்பட்டது என்று சொல்கிறது: ஆடுவதற்கென்று அமைத்த தரை என்றால் ‘பிட்ச்’, ஓட்டத்துக்கோ சைக்கிளுக்கோ ஆன பாதை என்றால் ‘டிராக்’, விளையாட்டுக்கென்று எல்லை போட்ட வளாகமோ கட்டடமோ என்றால் ‘ஸ்போர்ட்ஸ்_சென்டர்’, பெரிய அடுக்கு இருக்கைகளோடு என்றால் ‘ஸ்டேடியம்’. ‘ஸ்போர்ட்’ டேக் அங்கே என்ன ஆடுகிறார்கள் என்று சொல்கிறது. ஒரு டேக் ஒரு கேள்விக்குப் பதில். நான் பார்த்த வரையில், வகை பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே டேக்கிடம் இரண்டு கேள்விக்குப் பதில் எதிர்பார்ப்பதால் வருபவை. அதனால்தான் என் ஓட்டு இந்த வழிக்கு.

புதிய விளையாட்டு வந்தால் ‘ஸ்போர்ட்’ மதிப்பு மட்டும் புதிதாகும். அந்த மதிப்பைத் தெரியாத செயலியும் குறைந்தபட்சம் ‘இங்கே ஒரு மைதானம் இருக்கிறது’ என்று காட்டிவிடும். தரை எதனால் ஆனது, இரவில் விளக்கு எரியுமா, யார் நுழையலாம் என்பவற்றுக்குத் தனி டேக்குகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி தெருவில் நடப்பவரிடம் ‘இந்த மைதானத்தில் என்ன விளையாடுகிறார்கள்?’ என்று கேட்டுத் தரவை நிரப்புகிறது. வடிவத்தையும் விளையாட்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் அப்படிக் கேட்க முடிகிறது.

இதன் விலையும் சின்னதில்லை. விளையாட்டின் பெயரே நாட்டுக்கு நாடு வேறு பொருள் தருகிறது. ‘ஸ்போர்ட்=ஃபுட்பால்’ என்று ஒருவர் போட்டால் அது எந்த ஆட்டம் என்று தரவிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் அந்த மதிப்பைத் தவிர்த்து ‘சாக்கர்’, ‘அமெரிக்கன்_ஃபுட்பால்’, ‘ஆஸ்திரேலியன்_ஃபுட்பால்’ என்று பிரித்துச் சொல்லும்படி ஆவணங்கள் கேட்கின்றன. பிரிட்டிஷ் ஆங்கிலத்தை வழக்கமாக வைத்திருக்கும் திட்டத்தில் ‘சாக்கர்’ நுழைந்தது பலருக்கு இன்னும் கசப்புதான். ஆனால் குழப்பம் தீர்ந்தது. ‘ஹாக்கி’யும் அப்படியே: ‘ஃபீல்ட்_ஹாக்கி’ வேறு, ‘ஐஸ்_ஹாக்கி’ வேறு. ரக்பியிலும் யூனியன், லீக் என்று இரண்டு.

அடுத்தது அரைப்புள்ளிப் பிரச்சினை. ஒரே தரையில் இரண்டு ஆட்டம் என்றால் ‘ஸ்போர்ட்=டென்னிஸ்;பாஸ்கெட்பால்’ என்று எழுதுவது வழக்கம். மனிதருக்குப் புரியும். ‘டென்னிஸ்’ என்பதை மட்டும் அப்படியே தேடும் செயலியில் இந்த கோர்ட் வராது. ஒரு குழு தன் தரவைத் தானே பயன்படுத்தப் போகிறது என்றால், தேடல் எழுதும்போதே அரைப்புள்ளியைப் பிரித்துப் படிக்கும்படி எழுதச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ‘ஸ்போர்ட்’ டேக்கைத் தனியாக விட்டுவிடும் பழக்கம். வெறும் ‘ஸ்போர்ட்=டென்னிஸ்’ என்று ஒரு புள்ளி கிடந்தால் அது கோர்ட்டா, கிளப்பா, மட்டை விற்கும் கடையா? வடிவத்தைச் சொல்லும் டேக் இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை. கிளப் என்ற அமைப்பைக் குறிக்க ‘கிளப்=ஸ்போர்ட்’ தனியாக இருக்கிறது.

ஸ்கேட் பூங்காவை ‘பிட்ச்’ என்று குறித்து ‘ஸ்கேட்போர்டு’ சேர்ப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. வளைந்த கான்கிரீட் சரிவு எப்படி மைதானம் ஆகும்? சரிதான், பெயர் ஒட்டவில்லை. ஆனாலும் அந்த டேக் ‘ஆடுவதற்கென்றே அமைத்த தரை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதைச் சரியாகவே சொல்கிறது.

## வழி 3: வளாகத்துக்கு ஒரே டேக்

சுற்றுச்சுவரைப் பிடித்து ஒரு பலகோணம், ‘லெஷர்=ஸ்போர்ட்ஸ்_சென்டர்’, பெயர், முடிந்தால் ‘ஸ்போர்ட்=மல்டி’. இவ்வளவே.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து வரையும்போது கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாததை ஊகித்து எழுதுவதைவிட வெளிக்கோட்டோடு நிறுத்துவது நேர்மை. உள்ளரங்குக் கூடத்தில் ஒரே மரத்தரை காலையில் பேட்மின்டனுக்கும் மாலையில் வாலிபாலுக்கும் மாறும். அங்கே கோர்ட்டுகளைத் தனித்தனியாக வரைந்தும் பயனில்லை.

ஆனால் ‘மல்டி’ என்ற மதிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ‘பல விளையாட்டு’ என்று சொல்லிவிட்டு எதையும் சொல்லாமல் போகிறது அது. கைப்பந்து தேடுபவருக்கும் ஸ்குவாஷ் தேடுபவருக்கும் ஒரே இடம் வரும், அல்லது இருவருக்கும் வராது. தெரிந்த இரண்டு விளையாட்டை அரைப்புள்ளி போட்டு எழுதுவது அதைவிட நூறு மடங்கு மேல்.

இந்த வழியின் உண்மையான செலவு பின்னால்தான் தெரியும். எத்தனை கோர்ட் என்று எண்ண முடியாது. நாலில் ஒன்றுக்கு மட்டும் விளக்கு இருந்தால் அதை எழுத இடமில்லை. நுழைவாயில் பக்கத்து மைதானம் பொதுமக்களுக்குத் திறந்தது, பின்பக்கம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றால் எதைப் போட்டாலும் பாதி பொய்.

இதன் மேல் பின்னாளில் வழி 2-ஐ ஏற்றலாம் என்பது ஆறுதல். வெளியே வளாகத்தின் கோடு, உள்ளே ஒவ்வொரு மைதானமும் தனி ‘பிட்ச்’. வளாகத்தின் பெயரை உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோர்ட்டிலும் திரும்ப எழுதாதீர்கள். தேடலில் ஒரே பெயர் பத்து முறை வந்து நிற்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | தனி வகை | வடிவம் + விளையாட்டு | வளாகத்துக்கு ஒன்று |
|---|---|---|---|
| நேரில் சரிபார்ப்பு | எளிது | எளிது. ‘ஸ்டேடியம்’ எல்லையில் மட்டும் தகராறு | எளிது, ஆனால் மேலோட்டம் |
| தேடுபவருக்கு | செயலிக்கு அந்த மதிப்பு தெரிந்தால் மட்டும் | நன்று. அரைப்புள்ளியைக் கவனிக்க வேண்டும் | மோசம் |
| இரண்டு விளையாட்டு, ஒரே தரை | தாங்காது | தாங்கும் | விவரம் தொலையும் |
| இருக்கும் தரவோடு | சிலவற்றுக்கு மட்டும் பொருந்தும் | பெரும்பாலும் பொருந்தும் | பொருந்தும் |
| வரையும் உழைப்பு | நடுத்தரம் | அதிகம் | மிகக் குறைவு |
| எங்கே சிறந்தது | கோல்ஃப், பனித்தளம், பவுலிங் | திறந்தவெளி மைதானங்கள் | முதல் சுற்று வரைவு, உள்ளரங்கு |

## எல்லா வழியும் தடுமாறும் இடங்கள்

நீச்சல் குளம். ‘லெஷர்=ஸ்விம்மிங்_பூல்’ தண்ணீர் இருக்கும் தொட்டியை மட்டும் குறிக்கிறது. டிக்கெட் கவுன்டர், உடை மாற்றும் அறை, மூன்று குளம் எல்லாம் சேர்ந்த கட்டடம் ‘ஸ்போர்ட்ஸ்_சென்டர்’, கூடவே ‘ஸ்போர்ட்=ஸ்விம்மிங்’. சறுக்குகளோடு கேளிக்கைக்கு என்றால் ‘வாட்டர்_பார்க்’. ஏரியில் நீந்த ஒதுக்கிய பகுதி ‘ஸ்விம்மிங்_ஏரியா’. கட்டடத்துக்கே ‘ஸ்விம்மிங்_பூல்’ போட்டுவிட்டால் வரைபடத்தில் கூரை முழுக்க நீல நிறமாகத் தெரியும். இன்னொரு பக்கம், வீட்டுக் கொல்லையில் இருக்கும் குளங்களும் அதே டேக்கில்தான் வருகின்றன. ‘ஆக்சஸ்=பிரைவேட்’ சேர்க்காமல் விட்டால் நீந்த இடம் தேடுபவர் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். இங்கே வகையைவிட அனுமதி டேக்தான் முக்கியம்.

ஜிம். கருவிகளோடு சந்தா கட்டிப் போகும் இடம் ‘லெஷர்=ஃபிட்னஸ்_சென்டர்’. ‘அமெனிட்டி=ஜிம்’, ‘லெஷர்=ஜிம்’ என்று பழைய டேக்குகள் ஆங்காங்கே கிடக்கின்றன. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அதே சொல் வழங்குவதால்தான் அவை கைவிடப்பட்டன. பூங்காவில் திறந்தவெளியில் நட்டுவைத்த கருவிகளுக்கு ‘ஃபிட்னஸ்_ஸ்டேஷன்’. உடற்பயிற்சிக் கருவிகளா, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்; பின்னது ‘ஸ்போர்ட்=ஜிம்னாஸ்டிக்ஸ்’.

ஸ்டேடியமா, மையமா. பெயர்ப்பலகையில் ‘ஸ்டேடியம்’ என்று எழுதியிருப்பதால் அது ஸ்டேடியம் ஆகிவிடாது. பலகையில் இருப்பது பெயர் டேக்குக்குப் போகட்டும். பார்வையாளர்களுக்குப் பெரிய அளவில் அடுக்கு இருக்கை இருந்தால் மட்டுமே வகை ‘ஸ்டேடியம்’. ஒரு பக்கம் மட்டும் சின்ன மேடை இருந்தால் அந்தக் கட்டடத்துக்கு ‘பில்டிங்=கிராண்ட்ஸ்டாண்ட்’ போட்டு, மைதானத்தைப் ‘பிட்ச்’ ஆகவே விடலாம். எத்தனை இருக்கைக்கு மேல் ஸ்டேடியம் என்று ஓர் எண் வைக்கச் சில குழுக்கள் முயல்கின்றன. நேரில் நின்று இருக்கையை எண்ணப் போவது யார்?

பொது விளையாட்டுவெளி. ‘லேண்ட்யூஸ்=ரெக்ரியேஷன்_கிரவுண்ட்’, ‘லெஷர்=ரெக்ரியேஷன்_கிரவுண்ட்’, ‘லெஷர்=பார்க்’ மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இதற்குச் சுத்தமான தீர்வு இல்லை. உங்கள் பகுதியில் அதிகம் இருப்பதைப் பின்பற்றி, உள்ளே இருக்கும் மைதானங்களைத் தெளிவாக வரைந்துவிட்டால் வெளிக்கோட்டின் வகை அவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது.

பள்ளி மைதானத்தில் சிக்கல் வகையில் இல்லை. அதுவும் சாதாரணப் ‘பிட்ச்’தான், அனுமதி டேக்கை மறக்காமல் இருந்தால் போதும்.

## உடன்பாட்டுக்கு எப்படி வருவது

வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை மற்றவர்கள் ஏற்க வேண்டுமே. அதற்கும் மூன்று பாதைகள் இருக்கின்றன.

முன்மொழிவும் வாக்கெடுப்பும் முறையான பாதை. வரைவை எழுதி, குறைந்தது இரண்டு வாரம் கருத்துக் கேட்டு, பின் இரண்டு வாரம் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால் ஏற்கப்பட்டதாகக் கொள்வார்கள். ஏற்கப்பட்டாலும் யாரையும் அது கட்டுப்படுத்தாது. வாக்களிப்பவர்களும் வரைபவர்களில் சிறு துளிதான். இதன் பயன் வாக்கில் இல்லை. ‘எது இந்த வகை, எது இல்லை’ என்று எல்லையை எழுத்தில் வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. புதிய மதிப்பு தேவைப்படும்போது இது ஏற்ற வழி. இருக்கும் இரண்டு டேக்கில் எது என்ற சண்டைக்கு இது வீண் உழைப்பு.

பயன்பாட்டை எண்ணிப் பார்ப்பது இரண்டாவது. டேக்இன்ஃபோ தளத்தில் எந்த டேக் எத்தனை பொருளில் இருக்கிறது என்று உடனே பார்த்துவிடலாம். வேகமானது, ஆனால் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. ஒரே ஆள் ஒரு பெரிய பட்டியலை மொத்தமாக ஏற்றியிருந்தால் எண் ஊதிப் பெருத்திருக்கும். வரைபடத்தில் அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரே மூலையில் குவிந்திருந்தால் அதை உடன்பாடு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது பாதையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் வலிமை அதற்குத்தான். ஐடி, ஜோசம் போன்ற திருத்தும் கருவிகளில் வரும் முன்னமைவுகளை, அதாவது சொடுக்கினால் டேக்குகளைத் தானே போட்டுவிடும் தயார் தேர்வுகளைச் சொல்கிறேன். புதிதாக வருபவர் டேக்குகளை விளக்கும் ஓஎஸ்எம் விக்கியைப் படிப்பதில்லை. பெட்டியில் ‘டென்னிஸ்’ என்று தட்டினால் எது முதலில் வருகிறதோ அதைச் சொடுக்குகிறார். நாட்கணக்கில் விவாதித்து எடுத்த முடிவு முன்னமைவில் ஏறாவிட்டால் தரவில் அதன் தடமே இருக்காது. அதை அங்கே ஏற்றுவதற்குக் கருவியைப் பராமரிப்பவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவர்கள் கேட்பது தெளிவான விளக்கமும் ஓரளவு பயன்பாடும். ஆக முதல் இரண்டு பாதையும் இதற்குத்தான் உதவுகின்றன.

சிறிய குழு என்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. திறந்தவெளி எல்லாம் வழி 2, உள்ளரங்கு வழி 3, ஏற்கெனவே தனி மதிப்பு உள்ள சிலவற்றுக்கு மட்டும் வழி 1 என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வான்படத்தோடு ஓர் உதாரணம் சேர்த்தால் போதும். பழைய தரவை என்ன செய்வது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். பொருள் மாறாமல் ஒன்றுக்கு ஒன்று மாற்றக்கூடியவற்றை மட்டும் மொத்தமாக மாற்றலாம். அதையும் முன்கூட்டியே அறிவித்து, பேசிவிட்டுத்தான் செய்ய வேண்டும். தானியங்கித் திருத்தங்களுக்கான நடத்தை விதி அப்படித்தான் கேட்கிறது. பேசாமல் செய்தால் யாராவது பழைய நிலைக்குத் திருப்பிவிடுவார்கள். ‘ஃபுட்பால்’ மாதிரி இடம் தெரிந்தவர் மட்டுமே தீர்க்கக்கூடியவற்றை நிரல் எழுதி மாற்றவே கூடாது. அந்தப் பக்கம் போகும்போது பார்த்து, ஒவ்வொன்றாகத் திருத்தலாம்.